அலரும் மரண விசாரணையும்: காணாமற்போனோர் பற்றிய ஊகத்தின் சமூக வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை எனப்படும் வயற்புறத்தில், செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் வீதியில், கரடியனாறு என்னும் ஊர் அமைந்துள்ளது. நெல்லும் கால்நடையும் குளத்துப் பாசனமும் இப்பகுதியின் பொருளியல் அடித்தளம். 2007 வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த இப்பிரதேசம் அவ்வாண்டில் இராணுவத்தின் கைக்கு மாறிற்று. 2010 செப்டெம்பர் 17ஆம் நாள், வீதி நிர்மாண வேலையில் ஈடுபட்டிருந்த சீன நிறுவனமொன்றின் தேவைக்கெனக் கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில் வைக்கப்பட்டிருந்த வெடிபொருள்கள் வெடித்தன. மாண்டோர் 60 பேர் என்று முதலிற் செய்தி பரவிற்று. பின்னர் அத்தொகை 25 அளவில் நின்றது. தாக்குதலோ விபத்தோ என்ற கேள்வி எழுந்தது. விபத்தென்று அரசு அறிவித்தது. சடலங்கள் எண்ணப்பட்டன, உறவினர் அவற்றைப் பொறுப்பேற்றனர். எண்ணிக்கை பற்றிய ஊகம் குறுகிய காலத்தில் அடங்கிற்று.

இதே வீதியை அண்டிய ஊர்களில் 1990இல் காணாமற்போன ஒருவரைப் பற்றிய ஊகமோ முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் அடங்கவில்லை. அவர் கொல்லப்பட்டாரா, எங்கே புதைக்கப்பட்டார், யார் காட்டிக்கொடுத்தார், எந்த முகாமில் யார் கண்டார் என்னும் வினாக்கள் ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குக் கைமாறியுள்ளன. ஒரே நிலப்பரப்பு, ஒரே மக்கள். ஓரிடத்தில் ஊகம் சில நாட்களில் ஓய்கின்றது, மற்றோரிடத்தில் அது வாழ்நாளையும் விஞ்சி நிற்கின்றது. இவ்வேறுபாட்டை மக்களின் மனப்பாங்கைக் கொண்டு விளக்குதல் இயலாது. சடலமும் அதன்மீது நடத்தப்பட வேண்டிய பகிரங்க விசாரணையும் யார் கையில் உள்ளன என்பதே இங்கு அடிப்படையான வினா. மறுக்கப்பட்ட மரண விசாரணைக்குப் பதிலாக ஒரு சமூகம் தானே நடத்திக்கொள்ளும் விசாரணையாகவே காணாமற்போனோர் பற்றிய ஊகத்தைக் கொள்ளல் வேண்டும் என்பதும், அவ்வூகம் அதிகாரத்தின் கையிற் சிக்குமிடத்து அதன் வர்க்கக் குணம் தலைகீழாகின்றது என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்துகளாகும்.

2

ஊர்ப்பேச்சினை ஒரு சமூக நிறுவனமாக நோக்கும் மரபு தமிழுக்குப் புதியதன்று. களவொழுக்கம் பற்றிப் பேசுமிடத்துத் தொல்காப்பியம் அம்பல், அலர் என்னும் இரு நிலைகளைச் சுட்டுகின்றது. உரையாசிரியர்கள் இவற்றை அரும்புக்கும் மலருக்கும் ஒப்பிட்டு விளக்குவர். முகக்குறிப்பாகவும் வாய்க்குள் முணுமுணுப்பாகவும் நிற்பது அம்பல். இன்னார் இன்னாரோடு இன்னது செய்தார் என்று பெயர் சுட்டி வெளிப்படையாகப் பரவுவது அலர். அகப்பாடல்களில் அலர் தலைவிக்குத் துன்பந் தருவது உண்மையே. ஆயினும் மறைவிலுள்ள உறவை வெளிக்கொணர்ந்து திருமணத்தை நோக்கித் தலைவனை நெருக்கும் பணியையும் அது ஆற்றுகின்றது. எழுத்துச் சட்டமும் நிலையான நீதிமன்றமும் வேரூன்றாத ஊரமைப்பில், பொறுப்பேற்க மறுப்பவனைப் பொறுப்பேற்கச் செய்யும் கருவியாக ஊர்வாய் விளங்கிற்று எனலாம்.

வர்க்க முரண்பாடு கூர்மையடைந்த சமுதாயங்களில் வதந்தி வகிக்கும் பங்கினை நவீன வரலாற்றாசிரியர்களும் ஆராய்ந்துள்ளனர். 1789ஆம் ஆண்டுக் கோடையில் பிரெஞ்சு நாட்டுப்புறத்திற் பரவிய பேரச்சத்தை 1932இல் வெளிவந்த தமது நூலில் ஆராய்ந்த ஜோர்ஜ் லெபெவ்ர், கொள்ளையர் வருகின்றனர் என்ற பொய்ச் செய்திக்குப் பின்னால் நிலப்பிரபுக்கள் மீது விவசாயிகள் கொண்டிருந்த மெய்யான அச்சம் நின்றமையைக் காட்டினார். காலனித்துவ இந்தியாவின் விவசாயிகள் எழுச்சிகளை 1983இல் ஆராய்ந்த ரணஜித் குகா, எழுத்தறிவற்ற மக்களிடையே வதந்தி எழுச்சியின் செய்திச் சாதனமாக இயங்கியதை எடுத்துக்காட்டினார். இவ்வறிஞர் இருவரிடமிருந்தும் நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு: வதந்தியின் சொற்கள் பொய்யாக இருக்கலாம், ஆனால் அது பிறப்பதற்கான சமூக நிலைமை பொய்யாக இருப்பதில்லை.

எனினும் இப்பாடத்தை மட்டும் ஏந்திக்கொண்டு மக்கள் பேசுவதெல்லாம் மக்கள் சார்பானது என முடிவுகட்டுதல் வரலாற்றுக்கு முரணாகும்.

3

இங்கிலாந்தின் குளொஸ்ரர்சயர் மாவட்டத்தில் 1660 ஆகஸ்டில் வில்லியம் ஹரிசன் என்னும் முதியவர் காணாமற்போனார். அவர் பிரபுக் குடும்பமொன்றின் காரியத்தராக வாடகைப் பணம் அறவிடச் சென்றவர். வெட்டுண்ட தொப்பியும் குருதி தோய்ந்த கழுத்துப்பட்டியும் கிடைத்தன, சடலம் கிடைக்கவில்லை. ஊரின் ஐயம் அவரைத் தேடச் சென்ற வேலைக்காரன் ஜோன் பெரி மீது வீழ்ந்தது. தொடர்ந்து விசாரிக்கப்பட்ட அவ்வேலைக்காரன் தன் தாயும் சகோதரனும் கொன்றதாகக் கூறினான். தாய் சூனியக்காரி என்ற பேச்சும் ஊரில் இருந்தது. 1661இல் மூவரும் தூக்கிலிடப்பட்டனர். 1662இல் ஹரிசன் உயிரோடு ஊர் திரும்பினார். தம்மைச் சிலர் கடத்திச் சென்று துருக்கியில் அடிமையாக விற்றதாக அவர் கூறிய கதையை இன்றுவரை எவரும் உறுதிப்படுத்தவில்லை.

ஊகம் தன்போக்கில் விடப்படுமிடத்து எத்திசையிற் பாயும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அது நிலமுடையோனை நோக்கிச் செல்லவில்லை; வேலைக்காரனையும் ஏழைக் கைம்பெண்ணையும் நோக்கிச் சென்றது. சடலம் கிடைத்தாலன்றிக் கொலைக் குற்றத்துக்குத் தண்டனை அளித்தலாகாது என்னும் எச்சரிக்கையை அக்காலத்து நீதியரசர் மத்தியூ ஹேல் எழுதிவைத்தார். வரலாற்று நோக்கில் அவ்விதி எளியோருக்கு அரணாயிற்று. ஊராரின் வாயிலிருந்து வேலைக்காரனின் கழுத்தைக் காப்பது அதன் பயன்.

முதலாளித்துவ அச்சு ஊடகம் வளர்ச்சியுற்ற காலத்தில் ஊகம் விற்பனைப் பண்டமாகியது. 1952 ஆகஸ்ட் 28ஆம் நாள் சென்னையில் ஆளவந்தார் என்னும் வணிகர் காணாமற்போனார். அவர் பேனாக்கடையோடு தொடர்புடையவர். மறுநாள் சென்னையிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற புகைவண்டியில், மானாமதுரையில், ஒரு பெட்டிக்குள் தலையற்ற உடல் கண்டெடுக்கப்பட்டது. இலங்கைக்குச் செல்வோரை ஏற்றிச் சென்ற கப்பற் புகைவண்டி அது. தலை இராயபுரம் கடற்கரையில் அகப்பட்டது. 1953இல் ஒரு கணவனுக்கு ஏழாண்டும் மனைவிக்கு மூன்றாண்டும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டன. நீதிமன்றத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. செய்தித்தாள்கள் நாள்தோறும் வழக்கை விற்றன. இறந்தவரின் ஒழுக்கக்கேடு பற்றிய பேச்சு மேலோங்கி, கொன்றோர் மீது பரிவு பிறந்தது. பெண்ணின் கற்பு, குடும்ப மானம் என்னும் மத்தியதர வர்க்க விழுமியங்களின் வழியாகவே பொதுமக்கள் வழக்கைத் தீர்த்துக்கொண்டனர்.

ஆயினும் இங்கு கவனிக்கத்தக்கது வேறொன்று. அவ்வழக்கில் உடலும் தலையும் மருத்துவக் கல்லூரியில் ஒன்றுசேர்க்கப்பட்டன. சட்ட மருத்துவப் பேராசிரியர் சாட்சியம் அளித்தார். பகிரங்க நீதிமன்றத்திற் குறுக்கு விசாரணை நடந்தது. ஊகம் எவ்வளவு கொழுத்தபோதும் அதற்கு ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லையை இட்டது மரண விசாரணை என்னும் நிறுவனம்.

4

இலங்கையில் அந்நிறுவனம் சட்டப்படியே தளர்த்தப்பட்டது. 1983இல் பிறப்பிக்கப்பட்ட அவசரகால ஒழுங்குவிதி 15ஏ, மரண விசாரணையின்றியே சடலங்களைப் புதைக்கவும் எரிக்கவும் பொலிஸ் அதிகாரிகளுக்கு அதிகாரம் அளித்தது. குற்றத்தின் முதன்மைச் சான்றாகிய உடலை அழிக்கும் உரிமை, குற்றஞ்சாட்டப்படக்கூடிய தரப்பிடமே ஒப்படைக்கப்பட்டது. நிலமின்மை, வேலையின்மை, இன ஒடுக்குமுறை ஆகியவற்றால் எழுந்த கிளர்ச்சிகளைத் தெற்கிலும் வடக்குக் கிழக்கிலும் ஆயுதங்கொண்டு அடக்கிய அரசுக்கு இது தேவையாயிருந்தது. 1980களின் இறுதியில் தெற்கின் ஆற்றோரங்களிலும் டயர் தீயிலும் கண்ட உடல்களும், 1990இல் கிழக்கிற் காணமுடியாமற்போன உடல்களும் ஒரே ஆட்சி முறையின் இரு முகங்களாம்.

சடலம் இன்றேல் கொலையில்லை என்னும் பழைய விதியின் வரலாற்றுத் திருப்பம் இங்கே புலப்படுகின்றது. ஊரின் ஊகத்திலிருந்து வேலைக்காரனைக் காக்கப் பிறந்த விதி, சடலத்தை மறைக்க வல்ல அரசின் கேடயமாயிற்று. சட்டமே இவ்விதியைப் பின்னர் தளர்த்தியுள்ளமையையும் குறிப்பிடல் வேண்டும். 1954இல் வேல்சில் தன் பங்காளியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட போலந்துப் பண்ணையாளர் ஒருவர், சடலம் கிடைக்காத நிலையிலும் சூழ்நிலைச் சான்றுகளின் அடிப்படையிற் குற்றவாளியாகக் காணப்பட்டார். 1955இல் மேன்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைபெற்றது. ஆகவே உடலில்லாமை வழக்குக்குத் தடையென்று கூறுவது சட்டத்தின் இயலாமையைக் குறிப்பதாகாது.

காணாமற்போனோர் தொடர்பாக 1995இல் நிறைவேற்றப்பட்ட மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம், ஓராண்டுக்கு மேலாகச் செய்தியற்றிருப்பவரை இறந்தவராகப் பதிவுசெய்ய வழிவகுத்தது. சான்றிதழும் அதனோடு இணைந்த கொடுப்பனவும் வறிய குடும்பங்களுக்கு இன்றியமையாதவை. ஆனால் யார் கொன்றார் என்னும் வினாவுக்கு விடை கூறாமலே இறப்பினை ஏற்றுக்கொள்ளுமாறு அக்குடும்பங்களை அது கேட்டது. இறந்தார் என்று கூறாமற் காணப்படவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழ் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே வந்தது. மொழியிலும் இதே போராட்டம் நிகழ்ந்துள்ளது. ‘காணாமற்போனோர்’ என்ற சொல்லில் வினைமுதல் காணாமற்போனவரே. அவர் தாமாகவே எங்கோ போய்விட்டார் என்ற பொருள் அதில் ஒளிந்துள்ளது. ‘காணாமலாக்கப்பட்டோர்’ என்ற சொல்லை உறவினர் இயக்கங்கள் வலியுறுத்தியபோது, மறைந்திருந்த வினைமுதலைத் தமிழ் இலக்கணத்துக்குள் மீட்டுக்கொண்டுவந்தன எனலாம்.

5

கரடியனாற்றிலிருந்து செங்கலடிச் சந்தியை அடைந்தால் வந்தாறுமூலை தொலைவிலில்லை. 1981இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாகிய நிறுவனத்தின் வளவு, 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது ஆயிரக்கணக்கான மக்களின் அகதி முகாமாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் அம்முகாமிலிருந்து 158 பேர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டனர். செப்டெம்பர் 9ஆம் நாள் சத்துருக்கொண்டான், கொக்குவில், பிள்ளையாரடி, பனிச்சையடி ஆகிய ஊர்களைச் சேர்ந்த 184 பேர் கொல்லப்பட்டனர். ஓய்வுபெற்ற நீதியரசர் பாலகிட்ணர் தலைமையிலான ஆணைக்குழு பின்னர் இவற்றை விசாரித்து அறிக்கை அளித்தது. எவரும் தண்டிக்கப்படவில்லை.

அதே ஆண்டு ஜூலையில் குருக்கள்மடம் வழியாகக் காத்தான்குடிக்குப் பயணஞ்செய்த முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களது உறவினரும் புதைகுழியைத் தோண்டுமாறு நீதிமன்றத்தை நாடியுள்ளனர். காணாமலாக்குதல் அரசின் ஏகபோகமாக இருக்கவில்லை என்பதை இம்மாவட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் மறைத்தலாகாது. விசாரணையற்ற இக்கொலைகள் இரு சமூகங்களிடையேயும் எத்தகைய ஊகங்களை வளர்த்தன என்பதும் நினைக்கத்தக்கது. தமிழூரில் ஒருவர் காணாமற்போனால் அயலிலுள்ள முஸ்லிம் ஊர்காவற்படை மீதும், முஸ்லிம் ஊரில் ஒருவர் காணாமற்போனால் அயலிலுள்ள தமிழர் அனைவர் மீதும் ஐயம் பரவிற்று. வயலும் மேய்ச்சல் நிலமும் சந்தையும் பகிர்ந்து வாழ்ந்த உழைக்கும் மக்களின் உறவு இவ்வாறு சிதைந்ததால் நன்மை பெற்றோர் யாவர் என்பது அரசியலறிந்தோர்க்குச் சொல்ல வேண்டாத செய்தி.

உறவினரைச் சூழ்ந்து ஓர் ஊகச் சந்தையே உருவாயிற்று. இன்ன முகாமிற் கண்டோம், இன்ன சிறையில் இருக்கின்றார் என்று கூறிப் பணம் பெற்றோர் பற்றிய செய்தி ஆணைக்குழுக்கள் முன் அளிக்கப்பட்ட சாட்சியங்களில் மீண்டும் மீண்டும் வருகின்றது. தாலியை அடகுவைத்தும் மாட்டை விற்றும் அச்செய்திகளை வாங்கியவர்கள் பெரும்பாலும் கூலி விவசாயக் குடும்பத்துப் பெண்களே. 1990களில் மட்டக்களப்பு அம்மன் கோயில்களிற் களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், உருவேறி வாக்குச் சொல்வோரிடம் தாய்மார் தம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டதை விரிவாகப் பதிவுசெய்துள்ளார். இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடும் பகுத்தறிவு அரைகுறையானது. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுத மறுக்கப்பட்ட ஒருத்திக்கு, அவளது மகனின் பெயரைக் கேட்டு விடை சொல்லத் தயாராயிருந்த இடம் கோயில் வாசலாகவே இருந்தது. அரசு கைவிட்ட மரண விசாரணை அதிகாரியின் ஆசனத்தில் வாக்குச் சொல்பவர் அமர்ந்தார்.

6

எளியோரின் மறைவு ஊருக்குள் அலராகி நிற்க, பதவியிலுள்ளோரின் மறைவு நாடு முழுதும் பேசப்படும். ஆனால் பேச்சின் அளவு விசாரணையின் அளவாகிவிடாது. கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேராசிரியர் சி. இரவீந்திரநாத்தின் வழக்கு இதற்குச் சான்று. 2006 செப்டெம்பரில் அப்பல்கலைக்கழகத்தின் கலைப்பீடாதிபதி கடத்தப்பட்டார்; துணைவேந்தர் பதவி விலகவேண்டும் என்பது கடத்தியோரின் நிபந்தனை. அவர் பதவி விலகற் கடிதம் கொடுத்தார், பீடாதிபதி விடுவிக்கப்பட்டார். மானியங்கள் ஆணைக்குழு விலகலை ஏற்காத நிலையிற் கொழும்பிலிருந்தே பணியாற்றிய துணைவேந்தர், 2006 டிசெம்பர் 15ஆம் நாள் பௌத்தாலோக மாவத்தையில் அறிவியல் மாநாடொன்றிற் கலந்துகொண்ட பின்னர் காணாமற்போனார். தலைநகரின் உயர் பாதுகாப்பு வலயம் அது. சோதனைச் சாவடிகள் நிறைந்த அவ்விடத்திலிருந்து ஒருவரைக் கொண்டுசெல்லக் கூடியவர் யார் என்ற வினாவே மக்களின் முதல் ஊகமாயிற்று. ஆயுதக் குழுவொன்றின் மீதும் அதற்கு நிழல் கொடுத்த அரசுப் படைகள் மீதும் ஐயம் வீழ்ந்தது. மட்டக்களப்பில் அது அம்பலாகவே நின்றது. அலராகப் பேசுவோருக்கு உயிராபத்து இருந்தது.

2025 ஏப்ரல் 8ஆம் நாள், இக்கடத்தல் தொடர்பாக, கிழக்கு மாகாணத்தின் முன்னாள் முதலமைச்சர் சிவநேசதுரை சந்திரகாந்தன் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினரால் மட்டக்களப்பிற் கைதுசெய்யப்பட்டார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவர் தடுத்துவைக்கப்பட்டார். கைது என்பது தீர்ப்பாகாது. 2005 நத்தார் ஆராதனையின்போது கொல்லப்பட்ட பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராஜசிங்கத்தின் வழக்கிலும் இவர் ஐந்தாண்டளவு விளக்கமறியலில் இருந்து, சட்டமா அதிபர் வழக்கைத் தொடராமையால் 2021இல் விடுவிக்கப்பட்டவர் என்பதை நினைவிற் கொள்ளல் தகும்.

கைதுக்குப் பின்னர் எழுந்த பேச்சின் போக்கே நமது ஆய்வுக்குரியது. சில நாட்களுக்குள் பேச்சு 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளை நோக்கித் திரும்பிற்று. அமைச்சர்கள் ஒருபுறமும் எதிரணி அரசியல்வாதிகள் மறுபுறமுமாக, கைதானவர் எதனைச் சொன்னார், எதனைச் சொல்லப்போகின்றார் என்று அறிவித்தனர். செய்தியாளர் அதனைப் பெருக்கினர். அப்பேச்சின் இரைச்சலில் இரவீந்திரநாத் என்னும் மனிதர் இரண்டாம் முறை காணாமற்போனார். 2006 டிசெம்பர் 15 மாலையில் எந்த வாகனம், எந்தச் சாவடி, எந்தக் கட்டளை என்னும் வினாக்கள் பின்தள்ளப்பட்டன. ஊகம் பண்டமாகும்போது காணாமற்போனவரே அதில் முதலிற் செலவாகிவிடுகின்றார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் தனியறை விசாரணை இவ்வூகத்தை ஊட்டி வளர்ப்பது என்பதையும் சொல்லல் வேண்டும். மூடிய கதவுக்குள் நடப்பது எதுவும் வெளியே வதந்தியாகவே வரும்.

7

இதுவரை கீழிருந்து மேலெழும் ஊகத்தையும் சந்தையில் விலைபோகும் ஊகத்தையும் நோக்கினோம். மூன்றாவது ஒருவகை உண்டு. அது மேலிருந்து கீழிறக்கப்படுவது. சிங்களப் பத்திரிகையாளரும் கேலிச்சித்திரக்காரருமாகிய பிரகீத் எக்னெலிகொட, 2010 ஜனவரி 24ஆம் நாள், சனாதிபதித் தேர்தலுக்கு இரு நாள் முன்னர் காணாமற்போனார். 2011 நவம்பரில் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகளின் சித்திரவதைக்கெதிரான குழுவின் முன்னிலையில், முன்னாள் சட்டமா அதிபர் மொஹான் பீரிஸ், எக்னெலிகொட வெளிநாடொன்றிற் புகலிடம் பெற்றுள்ளதாகத் தமக்குத் தகவலுண்டு என்றார். 2012இல் ஹோமாகம நீதவான் நீதிமன்றம் அத்தகவலின் மூலத்தைக் கேட்டபோது அவரால் அதனைக் கூற இயலவில்லை, கடவுளையே சாட்சிக்கிழுத்தார். 2013இல் அருந்திக பெர்னாண்டோ என்னும் ஆளுங்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர், எக்னெலிகொடவைப் பிரான்சிற் சந்தித்ததாகப் பாராளுமன்றத்திற் கூறினார்.

ஆட்சி மாறிய பின்னர் 2015இல் விசாரணை மீண்டும் உயிர்பெற்றது. கிரித்தலையிலுள்ள இராணுவப் புலனாய்வு முகாமுக்கு அவர் கொண்டுசெல்லப்பட்டதாகவும், அங்கிருந்து கிழக்குக் கரையிலுள்ள அக்கரைப்பற்றுப் பக்கம் கொண்டுசெல்லப்பட்டதாகவும் புலனாய்வாளர் நீதிமன்றத்திற் கூறினர். 2019இல் இராணுவப் புலனாய்வைச் சேர்ந்த ஒன்பது பேர் மீது குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்பட்டது. 2016இல் ஹோமாகம நீதிமன்றத்தினுள் புகுந்து அவரின் மனைவி சந்தியாவை அச்சுறுத்திய கலகொட அத்தே ஞானசார தேரர் தண்டிக்கப்பட்டார்; நீதிமன்ற அவமதிப்புக்காக அவருக்கு விதிக்கப்பட்ட சிறைத்தண்டனையை 2019இல் சனாதிபதி மன்னித்தார்.

ஒரு சிங்களப் பெண்ணும் மட்டக்களப்புத் தமிழ்ப் பெண்ணும் காத்தான்குடி முஸ்லிம் பெண்ணும் கேட்ட பதில் ஒன்றேயாம்: உன்னவன் எங்கோ உயிரோடிருக்கின்றான். ஆர்ஜென்ரீனாவின் சர்வாதிகாரி விதேலா 1979இல், காணாமற்போனவர் உயிரோடுமில்லை, இறந்துமில்லை என்று செய்தியாளரிடம் கூறியதும் இதன் பாற்பட்டதே. ஏழைப் பெண் தன் மகன் இன்ன முகாமில் இருந்தான் என்றால் அது வதந்தி எனப்படும், ஆதாரம் கேட்கப்படும். அதிகாரி அவன் வெளிநாட்டில் இருக்கின்றான் என்றால் அது தகவல் எனப்படும்; ஆதாரம் கேட்பதற்கு ஆண்டுகள் செல்லும். வதந்திக்கும் தகவலுக்கும் இடையிலான எல்லையைக் கூற்றின் உண்மை வகுக்கவில்லை, கூறுவோரின் வர்க்க நிலை வகுத்தது.

8

ஊகம் சான்றாக உயரும் தருணங்களும் வரலாற்றில் உள்ளன. 1996 செப்டெம்பர் 7ஆம் நாள் யாழ்ப்பாணத்துச் சோதனைச் சாவடியொன்றில் மறிக்கப்பட்ட மாணவி கிருசாந்தியும், அவரைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். 1998 ஜூலையில் அவ்வழக்கிற் குற்றவாளியாகக் காணப்பட்ட படையினன் ஒருவன், செம்மணியில் முந்நூறு, நானூறு பேர் புதைக்கப்பட்டுள்ளனர் என்று நீதிமன்றத்திற் கூறினான். அதுவரை யாழ்ப்பாண மக்கள் தாழ்குரலிற் பேசியது அலராயிற்று. 1999இல் நடந்த அகழ்வில் 15 பேரின் எச்சங்கள் கிடைத்தன. அத்துடன் வழக்கு உறங்கிற்று. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புத் தொகுதிகள் வெளிப்பட்டன; சிறுவரின் எலும்புகளும் அவற்றுள் அடக்கம்.

கால் நூற்றாண்டு அப்பேச்சு அழியாதிருந்தமைக்குக் காரணம், அது தேதியும் இடமும் பெயரும் கொண்ட பேச்சாக இருந்தமையே. ஆர்ஜென்ரீனாவில் 1977 முதல் மே சதுக்கத்தில் வலம்வந்த தாய்மாரின் கேள்விகளை, 1984இல் உருவாகிய சட்ட மானிடவியலாளர் குழு எலும்புகளின் அடையாளமாக மாற்றியதும் இவ்வகையினதே. திரட்டப்பட்ட நினைவும் விஞ்ஞான முறையும் இணையுமிடத்தில் ஊகம் தன் பணியை முடித்துக்கொண்டு விலகுகின்றது.

மட்டக்களப்பின் இலக்கிய மரபில் இதற்கோர் ஆழ்ந்த முன்மாதிரி உண்டு. வைகாசியிற் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கையொட்டிக் கண்ணகி வழக்குரை பாடப்படுகின்றது. ஒரு பொற்கொல்லனின் பொய்க் கூற்றை விசாரணையின்றி ஏற்று அரசன் கொலை செய்வித்தான். அதற்கு எதிராகக் கண்ணகி ஊராரின் பேச்சைத் துணைக்கழைக்கவில்லை. எஞ்சிய சிலம்போடு பகிரங்க அவைக்கு வந்து, சிலம்பை உடைத்துக் காட்டினாள். இக்கதையைத் தெய்வ வழிபாடாக மட்டும் கொள்வோர், சாட்சியப் பொருளோடு நீதி மன்றேறிய ஒரு பெண்ணின் வழக்கை இம்மக்கள் ஆண்டுதோறும் செவிமடுத்து வந்துள்ளனர் என்பதைக் காணத் தவறுகின்றனர்.

இன்றைய ஆய்வாளர் முன்னுள்ள பணிகள் இதனின்றும் தெளிவாகும். படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் உறவினர் இன்னும் உயிரோடிருக்கையில், அவர்கள் கண்டதையும் கேட்டதையும் வேறுபிரித்து, நாளும் இடமும் குறித்து எழுதிக்கொள்ளல் வேண்டும். பாலகிட்ணர் ஆணைக்குழுவின் அறிக்கையும் ஏனைய ஆணைக்குழுக்கள் முன்னளித்த சாட்சியங்களும் தமிழிற் பதிப்பிக்கப்படல் வேண்டும். சத்துருக்கொண்டானும் குருக்கள்மடமும் ஒரே கோரிக்கையின் கீழ் அகழப்படல் வேண்டும். தமிழரின் புதைகுழிக்குத் தமிழரும் முஸ்லிம்களின் புதைகுழிக்கு முஸ்லிம்களும் என்ற பிரிவினை ஆட்சியாளருக்கே பயன்படும். 158 பேர் கொண்டுசெல்லப்பட்டதும் வந்தாறுமூலை வளவிலிருந்துதான். பதினாறு ஆண்டுகளின் பின்னர் காணாமற்போன துணைவேந்தரின் ஆசனமும் அவ்வளவிலேயே இருந்தது. இப்பதிவுப் பணியை முதலிற் கையேற்க வேண்டிய நிறுவனம் எது என்பதில் ஐயத்துக்கிடமில்லை.